மஞ்சள் துணி கட்டிய கோழிக்குஞ்சு

எங்கள் ஊரில் முதன்முதலாக டைல்ஸ் ஒட்டிய வீடு எங்களுடையதுதான். ஊர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜவ்வாது மலையில், புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் போனால் வரும் முப்பது வீடுகள். அந்த முப்பதில் ஒரே ஒரு வீட்டில், அதிலும் ஒரே ஒரு அறையில், குனிந்தால் முகம் தெரிகிற வெள்ளை டைல்ஸ். அப்பா குடகில் காபித் தோட்டத்து வேலைக்குப் போய்ச் சேர்த்ததில் வாங்கியது. சித்தப்பா தன் ஜீப்பில் திருப்பத்தூரிலிருந்து மூன்று நடையாக ஏற்றி வந்தார். ஒன்றுகூட உடையாமல் கொண்டு வந்ததை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அம்மாவுக்கு அந்த அறை கோயில் மாதிரி. கால் கழுவாமல் என்னையே உள்ளே விடமாட்டாள். அப்படிப்பட்ட அறைக்குள் ஒரு கோழி யாருக்கும் தெரியாமல் போய் அடை உட்கார்ந்துவிட்டது.

மார்கழி மாதக் குளிர். மலையில் அந்த மாதத்தில் மனிதருக்கே வெளியே இருக்க முடியாது, கோழி என்ன செய்யும். அறை மூலையில் சாமை மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பழைய கூடையைப் பார்த்து வைத்து, தினம் ஒன்றாகப் பதினோரு முட்டை இட்டு, அதன்மேல் உட்கார்ந்தும் விட்டது. அம்மா துடைப்பத்தோடு போனவள் அதைப் பார்த்து அப்படியே நின்றாள். அடையில் இருக்கிற கோழியைக் கலைத்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். டைல்ஸா, வீட்டுக்கு ஆகாததா என்று அம்மா ஒரு பகல் முழுக்க யோசித்தாள். கடைசியில் கோழி ஜெயித்தது.

இருபத்தோராம் நாள் எட்டுக் குஞ்சுகள் பொரித்தன. இரண்டு முட்டை கூமுட்டை. பதினோராவது முட்டை மட்டும் ஒன்றரை நாள் கழித்து, நிதானமாக, தனக்கென்று ஒரு நேரம் பார்த்துப் பொரித்தது. அதற்குள் தாய்க்கோழி எட்டையும் அழைத்துக்கொண்டு வாசலுக்கு இறங்கிவிட்டது. தாயின் சத்தம் கேட்டுக் கடைசிக் குஞ்சும் கூடையிலிருந்து குதித்திருக்கிறது. குதித்த இடம் டைல்ஸ்.

மறுநாள் சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது அது வயிறு தரையில் பட, வலது கால் ஒரு பக்கமும் இடது கால் ஒரு பக்கமுமாக விரித்துக் கிடந்தது. எழுந்திருக்கப் பார்க்கும். இரண்டு காலும் வழுக்கிக்கொண்டு போகும். மோவாய் தரையில் இடிக்கும். மறுபடி எழப் பார்க்கும். ஒன்றரை நாளாக இதைத்தான் செய்துகொண்டிருந்தது போலிருக்கிறது. கத்திக் கத்திக் குரலும் போயிருந்தது.

சித்தப்பா ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"இது தேறாது பாப்பா. நாய்க்குப் போட்டுட்டு நீ போய்ப் பாடத்தப் படி."

அம்மாவும் அதையேதான் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னாள். "எட்டு நல்லா கீதுல்ல. ஒண்ணு போனா போவுது, வுடு."

எனக்கு அப்போது பத்து வயது. வீட்டில் என்னை முரண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வேண்டாம் என்று சொன்ன வேலையைத்தான் முதலில் செய்வேன். போனால் போகிறது என்ற பேச்சு எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. குஞ்சைக் கையில் எடுத்தேன். கை நடுவே அதன் நெஞ்சு துடித்தது. காலைச் சேர்த்துப் பிடித்தால் சேர்ந்துதான் இருந்தது, விட்டால்தான் விரிந்தது. ஒடியவில்லை, பிடிமானம்தான் இல்லை என்று எனக்குத் தோன்றியது. சேர்த்துக் கட்டிவிட்டால் என்ன?

இந்த யோசனைக்குக் காரணம் எங்கள் பசு. அது உதைக்கிற மாடு. பால் கறக்கும்போது பின்னங்கால் இரண்டையும் அணைக்கயிற்றால் கட்டிவிட்டால் அசையாமல் நிற்கும். கால் விரியாமல் நிற்க மாட்டுக்குக் கயிறு என்றால் குஞ்சுக்கு நூல் என்று கணக்குப் போட்டேன். ஆனால் நூல் தோலை அறுக்கும், மெத்தென்று ஏதாவது வேண்டும். தேடினேன். சாமி மாடத்தில் விளக்குக்குப் பின்னால் மஞ்சளில் நனைத்துக் காயவைத்த துணி ஒன்று மடித்து இருந்தது. மெல்லிய பழந்துணி. ஓரத்தில் விரலகலம் கிழித்து, குஞ்சின் இரண்டு காலையும் எட்டு மாதிரி சுற்றி, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு முடிச்சுப் போட்டேன். கட்டியதும் அது எழுந்து நின்றது. ஒரு நொடிதான். அப்புறம் மூக்குக் குப்புற விழுந்தது. ஆனால் நின்றதை நான் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அத்தை உறைமோருக்கு வந்தாள். அத்தை அப்பாவின் அக்கா. அவள் கண்ணில் பட்டது ஊர் காதில் விழுந்தது மாதிரி. குஞ்சின் காலைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னாடி இது, அம்மனுக்கு நேந்து வுட்டுட்டீங்களா?"

எங்கள் பக்கம் மாரியம்மனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டால் அதன் காலில் மஞ்சள் துணி கட்டிவிடுவார்கள். கட்டிய பிறகு அதை அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, விருந்தாளி வந்தாலும் அறுக்கக் கூடாது. ஆடித் திருவிழாவில் அம்மனுக்குத்தான் அது. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சாயங்காலம் எனக்கு அது துணியாகத்தான் தெரிந்தது, மஞ்சளாகத் தெரியவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அம்மா சாமிக்குப் பயந்தவள். பூனை குறுக்கே போனால் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவள்.

"யாரக் கேட்டுக் கட்ன?"

"கால் நிக்கலம்மா. அவுத்துடட்டா?"

"கைய வெக்காத. கட்னது கட்னதுதான்." அம்மா கிழக்குப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அத்தைக்கும் கேட்கும்படி சொன்னாள். "உங்கப்பா குடகுலேர்ந்து நல்லபடியா வூடு வந்து சேரணும்னு நேந்ததா இருக்கட்டும்."

வேண்டுதல் இல்லாமல் நேர்த்திக்கடன் இருக்க முடியாதல்லவா. அப்பா பத்திரமாகத் திரும்பி வருவதை அந்த விரலகலத் துணியில் அம்மா முடிந்து வைத்துவிட்டாள்.

நான் உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். இனி எவரும் இதை நாய்க்குப் போட முடியாது. ஆடி எங்கேயோ இருந்தது. தைக்கும் ஆடிக்கும் நடுவில் ஆறு மாதம். பத்து வயதில் ஆறு மாதம் என்பது ஒரு ஆயுள்.

சித்தப்பாதான் விடவில்லை. "சேவலோ பொட்டையோ, அதுவே இன்னும் தெரியல. சேவலாவே இருந்தாலும் நொண்டிய அம்மன் வாங்கிக்காது. கோயில்ல நடக்க வுட்டுப் பாத்துட்டுத்தான் எடுத்துப்பாங்க. இது எங்க நடக்கப் போவுது."

"நடக்கும்."

"நடந்தா என் மீசைய எடுத்துடறேன்."

அவருக்கு அப்போது மீசை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இருந்தாலும் பந்தயம் பந்தயம்தான். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அது நடக்க வேண்டும், சித்தப்பா பார்க்க வேண்டும்.

தாய்க்கோழி அதைச் சேர்க்கவில்லை, கொத்தித் தள்ளியது. அதனால் அடுப்புக்குப் பக்கத்தில் கூடை வைத்து அதில் தவிடு பரப்பி விட்டேன். ஒரு கொட்டாங்குச்சியில் துணியை வைத்துக் குஞ்சை அதில் உட்கார வைத்தால் கால் இரண்டும் வயிற்றுக்குக் கீழே ஒழுங்காக மடங்கி இருந்தது. பள்ளிக்கூடம் போகும் வரை அப்படி, வந்த பிறகு அப்படி. தினம் ஒரு முறை துணியை அவிழ்த்துக் காலை நீவிவிட்டு மறுபடி கட்டினேன். அவிழ்க்கும்போது அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

தீனிக்கு ஊறவைத்த சாமைக் குருணை. முருங்கைக் கீரையைப் பொடியாக நறுக்கிப் போடுவேன். சத்துணவில் எங்களுக்கு முட்டை போடுவார்கள். வெள்ளையை நான் தின்றுவிட்டு மஞ்சள் கருவை நோட்டுத் தாளில் மடித்துக் கொண்டு வந்து ஊட்டினேன். கோழிக்கே முட்டையைப் போடுகிறாள், காலம் கெட்டுப்போச்சு என்று சித்தப்பா ஜீப்பில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். கறையானும் பிடித்தேன். ஓட்டைப் பானையில் சாணியும் கிழிந்த கோணியும் போட்டு நனைத்து, புற்று இருக்கும் பக்கம் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடியும்போது பானை நிறையக் கறையான் ஏறியிருக்கும். குஞ்சு ஒரு கறையானைக் கூட விட்டதில்லை. காலில்தான் குறை, வாயில் இல்லை.

ஆறாம் நாள் துணியைத் தளர்த்தி ஒரு காலில் மட்டும் அடையாளத்துக்கு விட்டேன். கால் விரியவில்லை. ஆனால் குஞ்சால் நேராக நிற்க முடியவில்லை. வலது பக்கம் சாயும், சாய்ந்தபடியே இரண்டடி போகும், உருளும். எழுந்து தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, யார் என்னைத் தள்ளியது என்பது போல் பார்க்கும். சித்தப்பா அதற்குக் குடிகாரன் என்று பேர் வைத்தார். பேர் நிலைத்துவிட்டது.

அப்பாவின் பழைய பனியன் ஒன்றை எடுத்துக் கால் போக இரண்டு ஓட்டை போட்டேன். குடிகாரனை அதில் உட்கார வைத்து, பலா மரத்தின் தாழ்ந்த கிளையில் தொட்டில் மாதிரி கட்டினேன். விரல் நுனி மட்டும் மண்ணைத் தொடும் உயரம். முதல் நாள் அது சும்மா தொங்கியது. இரண்டாம் நாள் முன்னால் தீனியை வைத்தேன். எட்டிப் பார்த்தது, எட்டவில்லை, காலால் மண்ணை உந்தியது. நான் வேண்டுமென்றே தீனியை இன்னும் ஒரு விரல் தள்ளி வைத்தேன். இரக்கம் இல்லாத வேலைதான். ஆனால் இரக்கப்பட்டவர்கள் எல்லாரும் அதை நாய்க்குப் போடத்தானே சொன்னார்கள்.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மாசி முழுக்க இது நடந்தது. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். அன்றைக்கும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய்த் தொட்டிலில் மாட்டிவிட்டேன். அம்மா திட்டிக்கொண்டே கஞ்சியை மரத்தடிக்குக் கொண்டு வந்தாள்.

இன்னொன்றும் கவனித்தேன். மண்ணில் தடுமாறாமல் நிற்கிற நாளிலும் அது டைல்ஸ் அறைக்குள் தப்பித் தவறிப் போய்விட்டால் கால் விரிந்து உட்கார்ந்துவிடும். கோணி மேல் விட்டால் நிற்கும். திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"டைல்ஸுதாம்மா காரணம். பொறந்ததும் அதுல வழுக்கி வழுக்கித்தான் கால் போச்சு."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊருல எவ வூட்டுலயும் இல்லாத தரை. அதப் போய்க் குத்தம் சொல்ற. கோழி எங்க பொறந்தா இன்னா, அதும் தலையெழுத்து."

அம்மா காதில் வாங்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

சித்திரையில் குடிகாரன் தொட்டில் இல்லாமல் நடந்தான். வைகாசியில் ஓடினான். கொண்டை முளைத்து, கழுத்தில் செம்பட்டையும் வாலில் கறுப்புமாக இறகு விழுந்து, சேவல்தான் என்பது தெரிந்தது. கூவ ஆரம்பித்தபோது தொண்டை உடைந்த பையன்கள் பாடுகிற மாதிரி இருந்தது. கூவும்போது மட்டும் வலது பக்கம் லேசாகச் சாய்வான். மற்றபடி மலைச் சரிவில் மற்ற கோழிகளுக்கு முன்னால் ஏறுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவைக் கூப்பிட்டு நிறுத்தி வாசலில் தீனியைத் தூவினேன். குடிகாரன் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குத் தலை நிமிர்ந்து ஓடி வந்தான்.

"மீசைய எடுங்க சித்தப்பா."

சித்தப்பா மேலுதட்டைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். நிஜமாகவே அசந்துபோனார். பிறகு சொன்னார். "பரவால்லயே பாப்பா. அப்ப ஆடிக்கு ரெடின்னு சொல்லு."

தீனி தூவிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. தெரியாத விஷயம் இல்லை. இத்தனை மாதமும் அவன் காலில் மஞ்சள் துணி இருந்தது. சின்னதானால் நானேதான் அவிழ்த்துப் பெரிதாகக் கட்டினேன். ஆனால் நடக்க வைப்பது என்ற ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்ததில், எங்கே நடந்து போவதற்கு என்பதை நான் பார்க்கவே இல்லை. நொண்டியாக இருந்திருந்தால் அம்மன் வேண்டாம் என்றிருக்கும். பிழைத்திருப்பான். கறையான் பிடித்துப் போட்டு, பனியனில் தொங்கவிட்டு, அவனைக் கத்திக்குப் பழுதில்லாமல் தயார் செய்தது நான்.

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா தமாஷாக ஒரு வழி சொன்னார். "இன்னா இப்ப, திரும்ப ஒரு கால ஒடிச்சு வுட்டுடு."

அவரோடு நான்கு நாள் பேசவில்லை. நான் நடக்க வைத்ததை நானே ஒடிப்பேனா? குடிகாரன் கோயிலில் நடப்பான். எல்லாரும் பார்க்க நடப்பான். அதன் பிறகும் உயிரோடு வீட்டுக்கு வருவான். இந்த இரண்டும் எனக்கு வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றை விடுவதாக இல்லை.

வழி இருந்தது. சேவலை நடக்க விட்டுப் பார்த்த பிறகு பூசாரி அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். உடம்பைச் சிலிர்த்துக்கொண்டால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். மூன்று முறை தெளித்தும் சிலிர்க்காவிட்டால் அம்மனுக்கு விருப்பமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அப்படி ஒரு சேவல் திரும்பி வந்ததை நானே ஒரு வருஷம் பார்த்திருக்கிறேன். ஆகவே குடிகாரன் சிலிர்க்கக் கூடாது. தண்ணீர் பட்டால் கோழி சிலிர்க்காமல் இருக்குமா என்று கேட்காதீர்கள். நொண்டிக் கோழி நடக்குமா என்றுகூடத்தான் கேட்டார்கள்.

அன்றே ஒரு சொம்பில் மஞ்சள் கரைத்துக்கொண்டு பலா மரத்தடிக்குப் போனேன். வேப்பிலையால் தெளித்தேன். குடிகாரன் என் முகமெல்லாம் மஞ்சளாகும்படி சிலிர்த்தான். மறுபடி தெளித்தேன். மறுபடி சிலிர்த்தான். சிலிர்க்காமல் நின்றால் கறையான், சிலிர்த்தால் ஒன்றும் கிடையாது. ஆனி பாதியில் அவனுக்குச் சலித்துவிட்டது. ஆனி முடிவில், மூன்று முறை தெளித்தால் ஒரு முறைதான் சிலிர்த்தான். அந்த ஒரு முறையைத்தான் என்னால் போக்கவே முடியவில்லை. சில நாள் முதல் தடவை, சில நாள் மூன்றாவது தடவை. எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

அம்மா ஒரு நாள் துடைப்பத்தோடு வந்து பின்னால் நின்றாள்.

"இன்னா பண்ற?"

"குளிப்பாட்டறேன்."

அம்மா சொம்பைப் பார்த்தாள், வேப்பிலையைப் பார்த்தாள், குடிகாரனைப் பார்த்தாள். அவன் அப்போது பார்த்துச் சிலிர்த்தான்.

"மூணுல ஒருவாட்டி சிலுத்தாப் போதும் அவங்களுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் இன்னும் கொஞ்சம் கறையான் பிடித்து வந்தேன்.

ஆடி பிறந்தது. அப்பா குடகிலிருந்து நல்லபடியாக வந்து சேர்ந்தார். கொஞ்சம் கறுத்திருந்தார், அவ்வளவுதான். பார்த்ததும் எனக்கு அத்தனை சந்தோஷம். அதற்கு அடுத்த நொடி, வேண்டுதல் பலித்துவிட்டது என்ற நினைப்பும் வந்தது. இனிப் பாக்கி எங்கள் பக்கம்தான்.

திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது அம்மா குடிகாரனைப் பிடித்துக்கொண்டு போய் டைல்ஸ் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

"சாமிக்குப் போற கோழி கண்டதையும் மேயக் கூடாது. மூணு நாள் உள்ளயே இருக்கட்டும்."

"இது இன்னா அண்ணி புது வழக்கம்?" என்றார் சித்தப்பா.

"எங்க அம்மா வூட்டுப் பக்கம் அப்படித்தான்" என்றாள் அம்மா.

கால் கழுவாமல் மனிதர் நுழையக் கூடாத அறையில் கோழிக்கு இடம். அது பெரிய மரியாதை என்று ஊரே பேசியது. எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடைசி மூன்று நாள்தான் முக்கியம், அந்த நேரம் பார்த்துப் பயிற்சி நின்றுபோனதே. சொம்போடு போய்க் கதவைத் தட்டினேன். அம்மா திறக்கவில்லை. உள்ளே நகம் தரையில் கிறீச்சிடும் சத்தமும், இறக்கை அடிக்கும் சத்தமும் கேட்டன. அம்மா மட்டும் வாளியும் துணியுமாக உள்ளே போவாள், வருவாள். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை அந்தத் தரையைப் பினாயில் ஊற்றித் துடைத்தாள். திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வருவார்கள், தரை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைக்கிறாள் என்று நான் இன்னும் எரிச்சல்பட்டேன்.

திருவிழா அன்று காலையில் அம்மாவே குடிகாரனைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். என்னிடம் கொடு என்று கேட்டேன், கொடுக்கவில்லை. கோயில் முன்னால் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். பொங்கல் பானைகள் வரிசையாகக் கொதித்தன. எங்களுக்கு முன்னால் நான்கு சேவல். நான்கும் நடந்தன, நான்கும் முதல் தெளிப்பிலேயே சிலிர்த்துக்கொண்டன. கற்றுக் கொடுக்க ஆள் இல்லாத சேவல்கள்.

எங்கள் முறை வந்தது. பூசாரி எனக்குப் பெரியப்பா முறை. துண்டைப் பிரித்து, இறக்கையை விரித்துப் பார்த்து, கண்ணைப் பார்த்து, தரையில் விட்டார். குடிகாரன் ஓரடி வைத்தான். இரண்டாம் அடியில் வலது கால் பக்கவாட்டில் விலகிப் போனது. இறக்கையை ஊன்றி எழப் பார்த்தான். மறுபடி சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, யார் என்னைத் தள்ளியது என்று பார்த்தான்.

"ஊனமா கீதே" என்றார் பூசாரி. "இத அம்மனுக்குக் குடுக்கக் கூடாது. எடுத்துக்கினு போ."

அந்த நொடியில் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சித்தப்பா 'நான் அப்பவே சொன்னேன்' என்ற முகத்தோடு நின்றார். ஆறு மாதம் நான் பட்டதெல்லாம் கண் முன்னால் மண்ணில் சாய்ந்து கிடந்தது.

"பொய். அவன் நல்லா நடப்பான்" என்று கத்தினேன். "மூணு நாள் முன்னாடி வரைக்கும் ஓடினான். இன்னொருவாட்டி வுட்டுப் பாருங்க பெரியப்பா."

பூசாரி குனிந்து குடிகாரனை மறுபடி தூக்கப் போனார். அதற்குள் அம்மா என்னை இழுத்துத் தன்னோடு சேர்த்து வாயைப் பொத்திவிட்டாள். அத்தனை இறுக்கமாக அவள் என்னைப் பிடித்ததே இல்லை. உள்ளங்கையில் பினாயில் வாசம் மூக்கில் ஏறியது. எனக்கு மூச்சு முட்டியது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"சின்னப் புள்ள, தெரியாம பேசுது" என்றாள் அம்மா. "அம்மன் வேணான்னு சொன்னப்புறம் இன்னா இருக்குது. ஆனா நேந்தது நேந்ததுதான், வெறும் கையோட போவக் கூடாது." சொல்லிவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்தாள். "உங்க சேவல் ஒண்ணு கீதே."

சித்தப்பாவிடம் ஒரு வெள்ளைச் சேவல் இருந்தது. ஜீப்பின் முன் சீட்டில் உட்கார வைத்து ஊர்வலம் போவார். அம்மன் சன்னிதியில், அண்ணனும் ஊரும் பார்க்க, அண்ணி கேட்டால் இல்லை என்று எப்படிச் சொல்வது. போய்ப் பிடித்து வந்தார். அது ராஜநடை நடந்தது, தெளித்ததும் சிலிர்த்தது. மத்தியானம் எல்லாரும் குழம்பு சாப்பிட்டபோது சித்தப்பா ரசம் போதும் என்று சொல்லிவிட்டார்.

குடிகாரனை நான் தொடவில்லை. என்னைக் கூட்டத்தில் தலைகுனிய வைத்தவன் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அம்மாதான் அவனைப் பலா மரத்தடியில் மண்ணில் விட்டுத் தீனி வைத்தாள். காலில் இருந்த மஞ்சள் துணியையும் அவளே அவிழ்த்து ஓடையில் விட்டாள். பத்தே நாளில் அவன் பழையபடி சரிவில் ஏறினான். சித்தப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாம் சாமி வெளையாட்டு" என்றாள் அம்மா. நானும் நம்பினேன்.

அந்த ஆடியிலிருந்து அடுத்த ஆடி வரை அம்மா வெள்ளிக்கிழமைதோறும் ஒருபொழுது இருந்தாள். அப்பா மறுபடி குடகுக்குப் போய்த் திரும்பி வந்து வாசலில் பையை இறக்கிய அன்றுதான் நிறுத்தினாள். எதற்கு விரதம் என்று கேட்டால் உங்கப்பாவுக்கு என்பாள். குடிகாரன் ஆறு வருஷம் இருந்து, மூப்பில்தான் போனான்.

இப்போது நான் திருப்பத்தூரில் இருக்கிறேன். வாடகை வீடு, எல்லா அறையிலும் டைல்ஸ். போன மாதம் என் மகள் பஸ் ஸ்டாண்டில் விற்கிற கலர் கோழிக்குஞ்சு ஒன்றை அடம்பிடித்து வாங்கிக்கொண்டு வந்தாள். இந்த அடம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார் இல்லை. அவள் போனில் வீடியோ போட்டு அம்மாவுக்குக் காட்டினாள். குஞ்சு தரையில் வழுக்கிக்கொண்டிருந்தது.

"டைல்ஸுல வுடாதடி பாப்பா" என்றாள் அம்மா. "கோணி விரிச்சு அதும்மேல வுடு. பெரிய சேவலே மூணு நாள் தாங்காது, காலு போயிடும்."

நான் மகளிடமிருந்து போனை வாங்கினேன்.

"மூணு நாளா?"

புதிதாக முளைத்த அந்த வழக்கமும், சாத்திய கதவும், ஐந்தாறு முறை துடைத்த தரையும், ஒரு வருஷத்து வெள்ளிக்கிழமைகளும் எனக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. டைல்ஸைக் குற்றம் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை என்று நான் எத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன்.

"அப்பா பேர்ல நேந்ததாச்சேம்மா. பயமா இல்லியா உனக்கு?"

"பயம் இல்லாமயா. கையும் காலும் ஒதறுது எனக்கு" என்றாள் அம்மா. "அதுல நீ வேற, நல்லா நடப்பான், இன்னொருவாட்டி வுட்டுப் பாருங்கன்னு கத்தற."